லால்குடி நேரப்படி காதுகுத்து

ஆகஸ்ட் 2, ஞாயிறு

லால்குடி வட்டாரத்தின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியும், நாற்பது குழாய் ஸ்பீக்கர்களின் அதிபதியும், அறுநூறு ஊர்த் திருவிழாக்களைத் தன் ஒற்றைத் தொண்டையால் நடத்திக் கொடுத்தவனுமாகிய குஞ்சிதபாதம் என்னும் நான் இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பின்னாளில் என் வரலாற்றை எழுதுகிறவர்கள் திண்டாடக் கூடாது பாருங்கள். (அறுநூறு இல்லை, அறுபது என்கிறாள் என் மனைவி கயல். வரலாறு அவளைக் கேட்டு எழுதப்படுவதில்லை.)

மாலையில் ஆக்லாந்திலிருந்து தங்கை வளர்மதி வீடியோவில் வந்தாள். அவள் மகள் நிறைமதிக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி காதுகுத்து. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. மூன்று வயதாகிறது. நான் இதுவரை செல்போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தாய்மாமன் இந்த அண்டசராசரத்தில் ஒரே ஒருவன், அது நான். மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வது அந்தக் குழந்தையின் பிறப்புரிமை. விசா, டிக்கெட் எல்லாம் சித்திரையிலேயே தயார்.

“அண்ணே, நீ இவ்ளோ தூரம் வர வேணாம்ணே” என்றாள் வளர்மதி.

“ஏன், ஆக்லாந்து எங்கயாவது நகந்து போயிடுச்சா?”

“விளையாடாத. உன் காலப் பத்தி அண்ணி எல்லாம் சொன்னாங்க. ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்லையாமே. இங்க இவரு ஃப்ரெண்டு பிரபாகர்னு ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுஷன். அவர் மடியில பாப்பாவ வெச்சுக் குத்திடலாம். நீ வீடியோல ஆசீர்வாதம் பண்ணு.”

“என்னது? மடிக்கு ஆக்டிங் ஆளா?”

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

கயலைப் பார்த்தேன். அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, “என்னை ஏன் பாக்குறீங்க? உண்மையத்தானே சொன்னேன்” என்றாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

கத்தரிக்காய்க் கூட்டில் ஏதோ கோளாறு. சாப்பாடு இறங்கவில்லை. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

காலின் கதையைச் சுருக்கமாகப் பதிந்து வைக்கிறேன். மாசித் திருவிழாவில் சவுக்குக் கம்பத்தின் உச்சியில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு நான் கம்பீரமாக இறங்கிக்கொண்டிருந்தபோது பூமி கொஞ்சம் அவசரப்பட்டு மேலே வந்துவிட்டது. அவ்வளவுதான். வலது தொடைக்குள் ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். மற்றபடி கால் பழைய கால்தான்.

எலும்பு டாக்டரிடம் ஒரு மரியாதைக்காகப் போனேன். “ஒரு வருஷத்துக்குச் சம்மணம் போடவே கூடாது. அவ்ளோ நேரம் விமானத்துல அசையாம உக்காந்தா கால்ல ரத்தம் கட்டும். தள்ளிப் போடலாமே?” என்றார்.

“டாக்டர், பொண்ணு பொறந்து மூணு வருஷமாச்சு. காதுகுத்த ஒத்தப்படை வயசுலதான் பண்ணணும். இத விட்டா அஞ்சு வயசு. அதுக்குள்ள அது இங்கிலீஷ்ல என்னை யாருன்னு கேக்கும்.”

அவர் பெருமூச்சு விட்டு மாத்திரை எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விமானத்துக்குள் எழுந்து நடக்க வேண்டுமாம். மாத்திரையையும் வாங்கிவிட்டேன். வலிக்காக அல்ல. மருந்துக்கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார், பாவமாக இருந்தது.

திருச்சி விமான நிலையத்துக்கும் ஆக்லாந்து விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் பதினோராயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று செல்போன் சொல்கிறது. இடையில் சிங்கப்பூரில் இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம், அங்கிருந்து பத்து மணி நேரம். டீக்கடையில் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வழியில் இரண்டு பூமத்திய ரேகைகளைத் தாண்ட வேண்டும் என்றும் சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. எங்கள் ஊர் நல்ல ஊர்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கயல் கோயிலுக்குப் போன நேரத்தில் ஒரு சிறு விஞ்ஞான ஆராய்ச்சி. குழந்தை பதினான்கு கிலோ என்று வளர்மதி முன்பு சொல்லியிருக்கிறாள். பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையின் மேல் நாலு கிலோ உளுந்தை வைத்துக் கட்டி, பாயில் உட்கார்ந்து, மடியில் ஏற்றிக்கொண்டேன். இடது கால் மடங்கியது. வலது கால் நீட்டியபடியே நின்றது. அது ஒரு புது ஆசனம்.

எழுந்திருப்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துக்கொண்டே இருந்தபோது கயல் வந்துவிட்டாள். வாசலில் நின்று என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“அரிசியில வண்டு இருக்கான்னு பாத்தேன்.”

“மடியில வெச்சா?”

“கிட்டக்கப் பாத்தாத்தானே தெரியும்.”

மூட்டையை இறக்கினாள். இரண்டு கையையும் என் அக்குளுக்குள் விட்டுத் தூக்கி நிறுத்தினாள். நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். சமையல் முடிந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். இன்று ரசம்தான் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 15, சனி

சுதந்திர தினம். பள்ளிக்கூடத்துக்கு மைக் செட் போட்டோம். கம்பத்தில் ஏறியது என் ஆள். நான் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் எடது” என்றேன். சக்கரவர்த்திகள் ஏறுவதில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

யுத்தப் பிரகடனம் செய்துவிட்டேன்.

வளர்மதியின் மாமியார் தெய்வயானை அம்மாள் போனில் வந்தார். மன்னார்குடிப் பக்கம், இப்போது மகனோடு ஆக்லாந்தில். எழுபது வயது. சாஸ்திரத்தில் கரை கண்டவர், கரையில் நின்று மற்றவர்களைத் தள்ளியும் விடுவார்.

“தம்பி, சடங்குன்னா மொறையா நடக்கணும். மாமன் தரையில பாய்ல உக்காந்து, மடியில புள்ளைய வெக்கணும். உங்களால முடியுமா முடியாதான்னு பட்டுனு சொல்லிடுங்க. முடியலன்னா பிரபாகர் தம்பி இருக்கு. அதுவும் ஆசையா பட்டுவேட்டி எடுத்து வெச்சிருக்கு.”

“அத்தை, பட்டுவேட்டிய அவர் தீபாவளிக்குக் கட்டிக்கட்டும். நான் வர்றேன். விமானம் நின்னா நடந்து வர்றேன். கடல் வந்தா நீந்தி வர்றேன்.”

“மொதல்ல மாடிப்படி ஏறுவீங்களா?” என்றார்.

இப்படிப்பட்ட எதிரி கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் சிவப்பிரகாசம் ஜோசியர் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார்: முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை. நாங்கள் வெள்ளி இரவு கிளம்பினால் சனி இரவு அங்கே இருப்போம். முகூர்த்தத்துக்கு முன் ஒரு தூக்கமே போடலாம்.

ஆகஸ்ட் 28, வெள்ளி. திருச்சி விமான நிலையம்

பாதுகாப்பு வாசலில் நான் நுழைந்ததும் இயந்திரம் கூவியது. பெல்ட்டைக் கழற்றினேன், கூவியது. அரைஞாண் வரைக்கும் கணக்குச் சொன்னேன், கூவியது. காவலர் இளைஞர், வடக்கத்திக்காரர், கையிலிருந்த கருவியைத் தொடையில் வைத்ததும் அது திருவிழா நாதஸ்வரம் மாதிரி பாடியது. இருபது வருஷம் மைக் செட் போட்டவனுக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு எங்கே கிடைக்கும்?

கயல் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நான் மறுத்தேன். அவர் மறுபடி சொன்னார். “ரதம்னு நெனச்சுக்கங்க” என்றாள் கயல். அப்படியென்றால் சரி.

இரவு பதினொன்றரை விமானம். இன்னும் ஏறவில்லை. என்ஜினில் ஏதோ சின்னச் சிக்கல் என்றார்கள்.

இன்னும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 29, சனி. சிங்கப்பூர்

சின்னச் சிக்கல் விடியும் வரை பெரிதாகிக்கொண்டே போய்விட்டது. நாங்கள் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது உச்சிப்பொழுது. ஆக்லாந்து விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்ததில் இடம் இன்றிரவு பதினொன்றரைக்கு. அது போய்ச் சேரும்போது அங்கே ஞாயிறு மதியம் ஒன்றரை.

முகூர்த்தம் காலை ஒன்பது.

எதிரில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கேயோ போகிறவை மாதிரி போய், அதே இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

வளர்மதிக்குப் போன் போட்டேன். அவள் அழுதாள். “பரவாயில்லண்ணே, நீ என்ன பண்ணுவ… காலையில பிரபாகர் அண்ணாவ வெச்சே…” என்று ஆரம்பித்ததும் என் தொண்டைக்குள் ஆம்ப்ளிஃபயர் எரிகிற வாசனை வந்தது. அந்தப் புகையில்தான் ஞானோதயம்.

“வளர்மதி! போன அத்தைகிட்டக் குடு!”

வந்தார்.

“அத்தை, முகூர்த்தம் குறிச்சது எந்த ஊர்?”

“லால்குடி.”

“பஞ்சாங்கம் எந்த ஊர்? சீர் எந்த ஊர்? மாமன் எந்த ஊர்? எல்லாம் லால்குடி. நேரம் மட்டும் எப்படி ஆக்லாந்து ஆச்சு? லால்குடியில காலையில ஒம்பது மணின்னா உங்க ஊர்ல சாயங்காலம் மூன்றரை. முகூர்த்தம் அப்பத்தான் ஆரம்பிக்குது. நான் ஒன்றரைக்கே வந்துடுவேன். சொல்லப்போனா நான் சீக்கிரம்!”

மறுமுனையில் பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது.

“தம்பி, சூரியன் இங்க உதிச்சாத்தான் இங்க பொழுது. லால்குடில உதிக்கிற சூரியனுக்கு நாங்க எதுக்குக் காத்திருக்கணும்?”

அவர் சொல்வதுதான் நியாயம். அதனாலேயே நான் விடவில்லை. “அத்தை, அந்த சூரியனும் எங்க ஊரத் தாண்டித்தானே…” என்றேன். தப்பு. அது அவர்கள் ஊரில் உதித்த பிறகுதான் எங்கள் ஊருக்கு வருகிறது. உடனே இருமி மறைத்தேன். “ஜோசியரையே கேக்குறேன்” என்றேன்.

ஜோசியர் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் மேளம்.

“நான் லால்குடியில உக்காந்து குறிச்சா அது லால்குடிக்கு. அந்த ஊருக்கு வேணும்னா அந்த ஊர்க் கணக்குப் போடணும்யா. மொதல்லயே சொல்லலாம்ல? நீ உள்ளூர்ல பண்றதா நெனச்சேன்!”

அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. “லால்குடியில் குறித்தது லால்குடிக்கு” என்று தீர்ப்பு வந்துவிட்டதாக அத்தைக்கு அறிவித்தேன். மீதி வாக்கியங்களை நெட்வொர்க் விழுங்கிவிட்டது. இந்த முறையும் நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

இரவாகிவிட்டது. பதில் இல்லை. அங்கே இப்போது நடுராத்திரிக்கு மேல். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். “குத்திடுவாங்களா?” என்று கயலிடம் கேட்டேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, “வாங்க, ஏறலாம்” என்றாள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு. ஆகாயம்

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து விமானத்தின் வால் வரை நடந்து திரும்புகிறேன். கணக்குப் பார்த்தால் ஆக்லாந்துக்குப் பாதித் தூரம் நடந்தே வந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லலாம்.

ஜன்னல் பக்கம் வெளிச்சம் வந்துவிட்டது. முன்னால் இருக்கும் திரையில் ஒரு குட்டி விமானம் நகரவே மாட்டேன் என்கிறது. ஆக்லாந்து நேரம் ஒன்பது இருபது என்று காட்டுகிறது. திரையை அணைத்துவிட்டேன். கண்ணைக் கூசுகிறது.

கால் நன்றாக இருக்கிறது. பூட்ஸ்தான் சுருங்கிவிட்டது, மாட்ட முடியவில்லை.

அதே ஞாயிறு. ஆக்லாந்து

இது எந்த நேரம், யார் கணக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

இறங்கியதும் இந்த நாட்டில் ஒரு சோதனை உண்டு. செடி, பழம், பூ எதுவும் உள்ளே வரக்கூடாது. இருந்தால் சொல்லிவிட வேண்டும். நானோ தாய்மாமன் சீரோடு வந்திருக்கிறேன். மேசைக்குப் பின்னால் நின்ற அதிகாரி, தலைமுடியை இழுத்துக் கட்டிய பெண், என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். இந்தக் கேள்விக்காகத்தானே இருபது வருஷமாக மைக்கில் பயிற்சி எடுத்திருக்கிறேன்? தொண்டையைக் கனைத்து, சீர்வரிசை அறிவிக்கிற அதே ராகத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முழங்கினேன்: தேங்காய், பூவன்பழம், வெற்றிலை, குண்டுமல்லிச் சரம், மஞ்சள் கிழங்கு, மாவிலை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தொட்டியில் போட்டார். மல்லிச் சரத்தை மட்டும் போடுவதற்கு முன் ஒரு முறை முகர்ந்து பார்த்தார். மிஞ்சியது பட்டுப் பாவாடை, வெள்ளி வளையல், ஒரு ஜோடித் தங்கத் தோடு, கற்கண்டு. ஒளிக்காமல் சொன்னதற்காக நன்றி சொல்லி அனுப்பினார். சீர் போனாலும் மரியாதை மிஞ்சியது.

வெளியே வளர்மதி ஓடி வந்தாள். என்னைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வரவில்லை என்பது வேறு விஷயம். கயல்தான் கேட்டாள்.

“குத்தியாச்சா வளரு?”

“இல்ல அண்ணி! எங்க அத்தை ராத்திரி முழுக்கப் பஞ்சாங்கத்தோட உக்காந்திருந்தாங்க. லால்குடிக் கணக்குக்கு மூன்றரைலேர்ந்து நல்ல நேரம், இங்கத்துக் கணக்குக்கு நாலரைக்கு ராகுகாலம். ‘நடுவுல ஒரு மணி நேரம் ரெண்டு ஊருக்கும் பழுதில்ல, அதுக்குள்ள உன் அண்ணன் வந்தா சரி, வரலன்னா நான் பொறுப்பில்ல’ன்னுட்டாங்க. ஏறுண்ணே, மணி மூணாச்சு!”

வீட்டுக்குள் நுழையும்போது மூன்றே முக்கால். பிரபாகர் உண்மையிலேயே நல்ல மனிதர். பட்டுவேட்டி கட்டாமல் பேண்ட்டோடு நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். கூடத்தில் பாய். அதற்கு நேர் எதிரே குத்துவிளக்கு. கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். தெய்வயானை அம்மாள் சுவரோரம் நின்று என் நடையை மேலும் கீழும் அளந்தார்.

“உக்காருங்க தம்பி.”

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்தார். “வேண்டாம் மாப்ள” என்றேன். கயலின் தோளைப் பிடித்து இறங்கினேன். இடது கால் மடங்கியது. வலது கால் மடங்கவில்லை. நேராக நீண்டு போய், வீங்கிய பாதத்தை விளக்கின் முகத்துக்கு எதிரே நீட்டிக்கொண்டு நின்றது.

எரிகிற விளக்குக்கு நேரே காலை நீட்டுகிறவன் எந்தச் சடங்குக்கும் ஆகாதவன். எனக்கே தெரியும். ஊரில் இப்படி நீட்டியவர்களை நானே மைக்கில் அதட்டியிருக்கிறேன். காலை இழுத்துப் பார்த்தேன். வியர்த்துவிட்டது. வெக்கை அதிகம். வெளியே குளிர்காலம்.

“அண்ணே, நான் வேணும்னா…” என்றார் பிரபாகர் தயங்கித் தயங்கி.

“நகராதீங்க” என்றது ஒரு குரல். தெய்வயானை அம்மாள். எனக்குச் சொன்னாரா அவருக்குச் சொன்னாரா தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். குனிந்து, எரிகிற விளக்கை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, என் இடது பக்கம் கொண்டு போய் வைத்தார். திரியைத் தூண்டிவிட்டார்.

“வெளக்கு நகரும். அவரு காலு நகராது. புள்ளையக் கொண்டாங்கடி, நேரமாவுது!”

நிறைமதியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அரிசி மூட்டை அசையாது, இது அசைகிறது. என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. “மாமா போன்ல சின்னதா இருந்துச்சு” என்றது, தமிழில்!

காது குத்த வந்த வெள்ளைக்காரப் பெண் மருந்துக்கடையில் வேலை செய்பவராம். காலையில் வந்து திரும்பிப் போய், மறுபடியும் வந்திருக்கிறார். என்னைக் காட்டித் தாத்தாவா என்று விசாரித்தார். ஐம்பத்து நான்கு வயது வாலிபனை! அந்தக் கோபத்தில் இருந்ததால் முதல் காது குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. குழந்தை வீறிட்டு, என் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. இரண்டாவது காதுக்கு நானும் சேர்ந்து கத்தினேன். தாய்மாமன் என்றால் அதுதான் முறை. காலுக்காக அல்ல.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே கால். லால்குடியில் காலை ஒன்பதே முக்கால்.

பிறகு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். குழந்தையும் கற்கண்டு டப்பாவோடு ஓடிவிட்டது. நான் பாயிலேயே இருக்கிறேன். “எந்திரிக்கலையாண்ணே?” என்று வளர்மதி இரண்டு தடவை வந்தாள். கூடம் காற்றோட்டமாக இருக்கிறது, இங்கேயே கொடு என்றேன். கயல் இந்த நோட்டையும் பேனாவையும் என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெய்வயானை அம்மாள் ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்தார். சுவரைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, “முருகா” என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சாப்பிடுங்க தம்பி.”

“நீங்க அத்தை?”

“ஆச்சு.”

பாயசம் தீர்ந்தது. அவர் எழவில்லை. நானும் எழவில்லை.

“போய்ப் படுங்களேன் அத்தை. ராத்திரி முழுக்கத் தூங்கலயாமே?”

“நீங்க மொதல்ல எந்திரிங்க தம்பி.”

“எனக்கென்ன அவசரம்?”

“எனக்கும் இல்ல” என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் ஓடி வந்து எங்கள் இருவரையும் தூக்கி நிறுத்துவார்கள். அவர் கூப்பிடட்டும் என்று நான் பார்க்கிறேன், நான் கூப்பிடட்டும் என்று அவர் பார்க்கிறார். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. நான் கூப்பிடுவதாக இல்லை.